ஸ்பிரிட் வாசனை

தனக்கோடி மேஸ்திரி வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒக்கலிபுரத்து வேலியிலிருந்து மல்லேசுவரம் ஸ்டேஷன் வரை உள்ள ரயில் பாதை அவருடைய கேங்கின் பொறுப்பு. ஆட்கள் ஜல்லி குத்திக் களைத்து வேலியோரம் சாயும்போதும் அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிற்பார். "மேஸ்திரி குந்துனா கேங்கு படுத்துக்கும்" என்பார். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரனுக்குப் பிறந்தவர்தான். ஆனால் அந்த முதுகு எந்த இன்ஸ்பெக்டருக்கும் வளைந்ததில்லை. வணக்கம் சொல்வார், வளையமாட்டார்.

நயா பைசா வந்த வருஷம், மழை ஓயும் சமயத்தில், அவர் உட்கார்ந்தார்.

முந்தின நாள் மழையில் பாதை ஓர் இடத்தில் அமுங்கியிருந்தது. கட்டைகளை நெம்பித் தூக்கி அடியில் ஜல்லி திணிக்க வேண்டும். மேஸ்திரி பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்க, ஆட்கள் "ஐலசா" என்று சேர்ந்து நெம்புவார்கள். அடி பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தால், வேலியோரம் கழற்றிப் போட்டிருந்த பழைய ஸ்லீப்பர் கட்டைகளின் குவியல்மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதட்டோரம் வெள்ளை கட்டியிருந்தது.

"இன்னா மேஸ்திரி, பாட்டு மறந்துபூட்ச்சா?"

"தண்ணி குடு."

மொண்டு கொடுத்தார்கள். ஒரு செம்பு குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். அதையும் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

"கெம்பாம்புதி ஏரியில கட்டவேண்டிய எருமடா இது" என்று ஒருவன் முணுமுணுத்தான். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. எழுந்து நின்று அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று மனத்துக்குள் பார்த்தார். கேட்காமலே விட்டுவிட்டார்.

வேலை செய்த களைப்பு அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு நேர்மை உண்டு. களியைத் தின்று படுத்தால் விடியும்போது போய்விடும். இந்தக் களைப்பு விடியும்போதே பாயில் கூடப் படுத்திருந்தது. முகம் கழுவக் கையைத் தூக்கினால் கை யாருடையதோ போல் கனத்தது. வேட்டி கட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். கேங் ஆட்களுக்கு முன்னால் நடப்பதற்காக, வீட்டிலிருந்து வேலி வரைக்குமான நடையை அவர் சில்லறையைச் சேமிப்பதுபோல் மெல்ல நடந்து சேமித்தார்.

முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். கொல்லையில் அவர் ஒதுங்கும் சுவரோரம் கட்டெறும்பு சாரியாக ஏறியதை மனைவி எல்லம்மா பார்த்தாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் அப்படித்தான் போனார். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். மறுநாளும் எறும்பு வந்தது.

ரயில்வே டாக்டரிடம் போனால் சாயங்காலத்துக்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கன்டோன்மென்ட்டில் ஒரு தனி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் சீட்டு எழுதினார். விளக்கியது கம்பவுண்டர் டெஸ்மண்ட். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்த ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், தம் தோதுக்கு.

"லுக் மேஸ்திரி, டெய்லி மார்னிங் ஊசி. ஸ்வீட் நோ. ரைஸ் ஒரு கை. ராகி, கோதுமை, கீரை. ஓகே?"

"எத்தினி நாளிக்கு?"

"எத்தினி நாள் உசுரோட இருக்கணும்? அத்தினி நாள் மேன்."

எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  மேஸ்திரி தாம் உண்மையாகக் கேட்க வந்ததைக் கேட்டார்.

"இந்தக் களைப்பு போவுமா?"

டெஸ்மண்ட் ஊசியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சிலருக்குப் போவும். சிலருக்குக் கொஞ்சம் போவும். கழுதையும் வயசாச்சுன்னா மெதுவாத்தான் போவும் மேன். நீயும் ஸ்லோவாப் போ."

"கேங்கு முன்னால நா ஸ்லோவா போவ முடியாது."

"அப்ப கேங்கை ஸ்லோவாப் போகச் சொல்லு" என்று டெஸ்மண்ட் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

கண்ணாடி ஊசி, மருந்துக் குப்பி, ஒரு புட்டி ஸ்பிரிட், ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், நீல மருந்து. இவை அந்த ஒற்றை அறை வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் குடியேறின. மருந்துக் குப்பி மட்டும் ஈர மணல் போட்ட சட்டியில். ஊசி போடும் வேலை மகள் ரஞ்சிதத்துடையதாயிற்று. அவள் வீட்டில் ஊதுவத்தி உருட்டுகிறவள். விடிந்ததும் விரல்களில் ஒட்டிய கரிப்பசையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். குழாயில் நீல மருந்தை ஊற்றி, அப்பாவின் சிறுநீரில் சில சொட்டுகள் விட்டு, விளக்கில் காட்டுவாள். பச்சையானால் தேவலை. மஞ்சளானால் கெடுதல். பெரும்பாலும் செங்கல் நிறம்தான் வந்தது.

"இன்னா கலரு?" என்று பாயிலிருந்தே கேட்பார்.

"பச்ச மாதிரிதான் கீது நைனா."

அவள் பொய் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். உடம்பு அதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருக்கும். கொதித்த ஊசியை எடுத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அவர் கையைத் துடைத்துக் குத்துவாள். வலிக்காமல் குத்துவாள். எல்லம்மாவுக்குக் கண் மங்கல். ஊசியின் கோடு தெரியாது. அவருடைய கையோ விடியலில் நடுங்கும். அந்த வீட்டில் அந்த வேலைக்கு இருந்தது ரஞ்சிதத்தின் கை ஒன்றுதான். அவளுக்கோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் கோலார் தங்கவயலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் அசோகன், சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் பிட்டர். அதிகம் பேசாத, கண்ணில் நல்ல குணம் தெரிகிற பையன். அவனுடைய அப்பா சின்னப்பா, சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்து ஓய்ந்தவர். அம்மாக்காரி பேச்சுக்காரி. ரஞ்சிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் மனம் திறந்து பேசினாள்.

"ஆண்டர்சன்பேட்டையில ஒரு எடம் பார்த்தோம் சம்மந்தி. பொண்ணு கிளியாட்டம். கடசீல பார்த்தா பொண்ணோட அப்பனுக்குச் சர்க்கர சீக்கு. கால்ல ரெண்டு வெரலு எடுத்துக்கினாங்களாம். அது ரத்தத்துல ஓடற சீக்கு. அப்பனுக்கு வந்தா பொண்ணுக்கு வரும், பொண்ணுக்கு வந்தா பேரனுக்கு வரும். தட்டு மாத்தறதுக்கு மொத நாளு வேணவே வேணாம்னுட்டேன்."

கதவுக்குப் பின்னால் ரஞ்சிதம் காபித் தட்டோடு நின்றாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"நல்ல வேல செஞ்சீங்க" என்றார் மேஸ்திரி.

கேசரி வந்தது. பெண் வீட்டுப் பெரியவர் முதல் வாய் வைத்தால்தான் வந்தவர்கள் தொடுவார்கள். அவர் வைத்தார். "ஒரு வாயிதானா? எங்க வீட்டு ஒறவு அவ்ளோதானா?" என்று சம்பந்தியம்மா கேலி செய்தாள். தட்டு முழுவதையும் தின்றார். அப்புறம் நாலு முறை கொல்லைக்குப் போய் வந்தார். வரும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். சின்னப்பா ரயில்வே சம்பளத்தைப் பற்றி ஏதோ கேட்டபோது பதில் சொல்ல ஆரம்பித்தவர், வாக்கியத்தின் நடுவில் கண்ணை மூடிவிட்டார்.

"நைட்டூட்டிங்க" என்றாள் எல்லம்மா. மேஸ்திரிகளுக்கு நைட்டூட்டி கிடையாது என்பது சின்னப்பாவுக்கு எப்படித் தெரியப்போகிறது?

தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் தெருவின் கட்டுப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒக்கலிபுரத்தில் அந்த வரிசை வீடுகளுக்கென்று ஒரு மதுவிலக்குச் சங்கம் இருந்தது. சுதந்திரம் வந்த புதிதில் தனக்கோடி மேஸ்திரி தொடங்கியது. குடித்தவன் கல்யாணப் பந்தலுக்குள் கால் வைக்கக் கூடாது. தாம்பூலத் தட்டைத் தொடக் கூடாது. பெண்ணைப் பெற்றவனே ஆனாலும் தாரை வார்க்கக் கூடாது. வேறொருவர் வார்ப்பார், அவன் வெளியே இருக்க வேண்டியது. இப்படிச் செய்ததனால்தான் அந்தத் தெருப் பெண்களுக்கு நல்ல இடங்களிலிருந்து வரன் வந்தது. குதிரைக்குச் சேணம்போல் குடும்பத்துக்குப் பேர் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு முதலில் உட்பட்டவன் எல்லம்மாவின் தம்பி கோவிந்தன். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தன் மகள் கல்யாணத்தன்று காலையிலேயே கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்தான். மேஸ்திரி அவன் தோளில் கை வைத்து, அடிக்காமல், திட்டாமல், பந்தலை விட்டு நடத்திக்கொண்டு போய் வேலியோரத்து ஸ்லீப்பர் கட்டைகள்மேல் உட்கார வைத்தார். கோவிந்தனுடைய மகளுக்கு மேஸ்திரிதான் தாரை வார்த்தார். நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு கட்டைமேல் அவன் அழுததைத் தெருவே பார்த்தது.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இப்போது ஸ்பிரிட் வாசனை வந்தது.

பக்கத்து வீட்டு ஜானகிதான் முதலில் மோப்பம் பிடித்தாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லம்மாவிடம் கேட்டாள்.

"இன்னாக்கா, உங்கூட்டுல பெயிண்ட் கியிண்ட் அடிக்கிறீங்களா? காலையில ஒரு மாதிரி வாசன வருது."

"ஊதுவத்தி சாமானுடி."

"ஊதுவத்தி வாசன எனுக்குத் தெரியாதா? நானுந்தான் உருட்டறேன். இது நம்ம பெரிய பாலத்தாண்ட குடிப்பானுங்களே, அந்த வாசனயா கீது." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் வேற கொஞ்ச நாளா நடையே ஒரு மாதிரி கீறாரு. நா யாராண்டயும் சொல்லமாட்டேன்க்கா."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று ஜானகி சொன்னால் மாலைக்குள் தெருக்கோடி வரை போய்விடும், போயிற்று.

கார்த்திகைத் தூறலில் ஒரு நாள் சின்னப்பா தனியாக வந்தார். வீட்டுக்குப் போகாமல் பாதையோரமாக நடந்து வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். தலையில் கோணி. மேஸ்திரி ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியும் கையுமாக அவரிடம் வந்தார்.

"வாங்க சம்மந்தி. வூட்டுக்குப் போயிருக்கலாமே."

"வூட்டுல பொம்பளைங்க இருப்பாங்க. நா சுத்தி வளைக்கத் தெரியாதவன் சம்மந்தி. பூமிக்குள்ளயே ஆயுசு போனவன். இருட்டுல பேசற பேச்சு."

"பேசுங்க."

"எங்கூட்டுக்காரிக்கு மனசு ஆறல. அன்னிக்குப் பேசிக்கினே கண்ண மூடிட்டீங்க. சும்மா சும்மா கொல்லைக்குப் போனீங்க. செவுத்தப் புடிச்சிக்கினு நடந்தீங்க. ஆண்டர்சன்பேட்டக்காரனும் இப்டித்தான் கெடந்தான், இது அந்தச் சீக்கேதான்றா. வேணாம்னு சொல்லிடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கறா. பையன் சோறு துன்ன மாட்டேன்றான். நா இங்க வந்து தெருவுல விசாரிச்சேன். இங்க வேற சேதி சொல்றாங்க."

"இன்னா சேதி?"

"வூட்டுல ஸ்பிரிட் வாசனையாம்."

மேஸ்திரி கொடிக் கம்பை இறுக்கிப் பிடித்தார். தூறல் கொடியில் விழுந்து சொட்டியது.

சின்னப்பா இன்னும் கிட்டே வந்தார். "நானே குடிக்கிறவன் சம்மந்தி. மைன்ல எறங்கறவன் குடிக்கலன்னா எப்டிப் பொழைப்பான்? குடிகார அப்பன்னு எங்கூருல எவனும் பொண்ணு வேணாம்னு சொல்லமாட்டான். சீக்குக்குத்தான் பயம். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அதத்தான் நா போயி எங்கூட்டுக்காரியாண்ட சொல்லணும். குடியா, சீக்கா?"

அப்போது யசவந்தபுரத்திலிருந்து கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆட்கள் ஒதுங்கினார்கள். மேஸ்திரி விறைப்பாக நின்று கொடியைப் பிடித்தார். நிலக்கரி, சிமிட்டி, மாடு என்று பெட்டி பெட்டியாகக் கடந்தது. அவ்வளவு நீளமான வண்டியை அந்தப் பாதையில் அவர் கண்டதில்லை என்று தோன்றியது. கடைசிப் பெட்டியின் கார்டு கை காட்டினான். அவரும் காட்டினார்.

"குடிதான்" என்றார்.

"நெசமா?"

"வயசாயிட்ச்சு. ஒடம்பு வலி. கொஞ்சம் கொஞ்சம்."

சின்னப்பா கோணியைத் தலையிலிருந்து எடுத்து உதறினார். முகமே மாறிவிட்டது. "அட போய்யா! இதுக்கா நா ரெண்டு நாளாத் தூங்காம கெடந்தேன்? மொதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே நம்ம ரெண்டு பேரும் குஷியா இருந்திருக்கலாம்ல?" தோளில் தட்டினார். "ஆனா நீ ஸ்பிரிட்டு குடிக்காத. கொடலு வெந்துபூடும். நல்ல சரக்கு நா கொண்டாரேன்."

அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'நீ' என்றார். தோளைத் தட்டியவரும் அதை உணரவில்லை. தட்டு வாங்கிய தோள் மட்டும் உணர்ந்தது.

"ஒண்ணு செய்யி சம்மந்தி. உன் சங்கத்துல உன் வாயால சொல்லிடு. நாலு பேரு சொன்னாத்தான் எங்கூட்டுக்காரி நம்புவா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். தமது தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, "நா கட்டுப்பாட்ட மீறிட்டேன். எம்பொண்ணு கல்யாணத்துல எனுக்கும் அதே சட்டம்தான்" என்றார்.  பின் வரிசையில் யாரோ ஒருவன் மெல்லச் சீட்டியடித்தான்.

வீட்டில் எல்லம்மா அடுப்பு மூட்டவில்லை.

"இந்தத் தெருவுல நா எப்டிங்க தல தூக்கி நடப்பேன்? ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல. சாமி தீர்த்தத்துல வாசன வந்தாக்கூடத் துப்பற மனுசன்!"

"நீ தல தூக்கி நடக்கறதா, அவ தல எடுக்கறதா? ஒண்ணுதான் நடக்கும்."

ரஞ்சிதம் ஊதுவத்திப் பலகையை ஒதுக்கி வைத்தாள். "எனுக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நைனா. நா போயிட்டா உனுக்கு ஊசி போடறது யாரு?"

"உங்கம்மா போடுவா."

"அம்மாவுக்குக் கோடு தெரியாது."

"தெரிஞ்ச வரிக்கும் போடுவா."

"நா அவருகிட்ட சொல்லிடறேன். அவரு நல்ல மாதிரி. புரிஞ்சிக்குவாரு."

மேஸ்திரி பாயிலிருந்து எழ முயன்றார். முடியவில்லை. படுத்தபடியே கையை நீட்டினார். "இங்க வா. எந்தலமேல கை வையி. நா செத்த பொறவும் அந்தூட்டுல இதச் சொல்லமாட்டேன்னு சொல்லு. உனுக்கு ரெண்டு புள்ள பொறந்து அதுங்க பெருசாவற வரிக்கும் சொல்லக் கூடாது. இல்லன்னா உன்ன அனுப்பிடுவாங்க. அனுப்பின பொண்ணுக்கு இந்தத் தெருவுல ஊதுவத்திகூட உருட்டக் குடுக்க மாட்டானுங்க."

அவள் கை வைத்தாள். தலை சுடவில்லை, குளிரவுமில்லை. நீர்விட்டு வைத்த பழைய கட்டைபோல் இருந்தது.

தாரை வார்க்கத் தாய்மாமனைத் தவிர வேறு யாருமில்லை. கோவிந்தனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பத்து வருஷமாக அந்த வீட்டு வாசலை மிதிக்காதவன் வந்தான். குளித்து, நெற்றியில் விபூதி பூசி, மூக்கு மட்டும் சிவந்து வந்தான். உள்ளே வந்தவன் உட்காரவில்லை. முகத்தை உயர்த்தி மூச்சை இழுத்தான்.

"எங்க மாமா, சரக்கு எங்க வெச்சிக்கீறே?"

"கேலி பண்ண வந்தியா?"

"கேலி பண்ணத்தான் வந்தேன். தெருமுனையில இருந்தே சிரிச்சிக்கினுதான் வந்தேன். எத்தினி வருசத்துக் கடன்!" கோவிந்தன் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வாய்க்கருகில் மூக்கைக் கொண்டுவந்தான். மேஸ்திரி முகத்தைத் திருப்பினார். கோவிந்தனின் சிரிப்பு நின்றது.

"மாமா."

"இன்னாடா?"

"நீ குடிக்கல."

"போடா."

"எனுக்கா தெரியாது? ஸ்பிரிட்டு குடிச்சவன் வாயி நாறும். உன் வாயி நாறல. பழுத்த பழமாட்டம் ஒரு வாசன வருது. கையில இருந்துதான் ஸ்பிரிட்டு வாசன." சட்டைக் கையைத் தூக்கினான். மேல்கை முழுக்க ஊசித் தழும்பு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சித்தப்பாவுக்கு இருந்துச்சே, அதா?"

எல்லம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

கோவிந்தன் எழுந்துவிட்டான். "இரு. நா போயி சங்கத்துல எல்லார் மூஞ்சிலயும் காறித் துப்பிட்டு வரேன். குடிக்காதவனப் பந்தலுக்கு வெளிய குந்த வெக்கிறானுங்களாம்! குடிக்காத மனுசன! நா வெளிய குந்துனேன், அதுல நாயம் கீது. இதுல இன்னா நாயம்?"

"குந்து கோவிந்தா."

"நா தார வாக்க மாட்டேன் மாமா. எங்கை வெளங்காத கை."

"அன்னிக்கு உம்பொண்ணுக்கு நா வார்த்தேன். இன்னிக்கு எம்பொண்ணுக்கு நீ வாரு. கணக்கு சரியாப்பூடும்." அவ்வளவு பேசியதிலேயே மூச்சு வாங்கியது. "அன்னிக்கு ஒரு நா மட்டும் குடிக்காத."

"எம்மேல நம்பிக்க கீதா உனுக்கு?"

"இல்ல. ஆனா வேற ஆளு இல்ல."

கோவிந்தன் அழுதுகொண்டே சிரித்தான்.

தை மாதத்துக் குளிரில் கல்யாணம் நடந்தது. பாதையோரப் புல்லில் பனி காயாமல் கிடந்தது. தெருவை அடைத்துப் பந்தல், வாழை மரம், கடன் வாங்கிய பெட்ரோமாக்ஸ். கோவிந்தன் சொன்ன சொல் காப்பாற்றினான்; குடிக்காததனால் அவன் கை நடுங்கியது. நடுங்கிய கையால் மருமகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்த்தான். பந்தலில் சிலர், "பார்த்தியா, வெளிய குந்துனவன் திருந்திட்டான், குந்த வெச்சவன் கெட்டுட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

மேஸ்திரி வேலியோரத்து ஸ்லீப்பர் கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, மேலே ரயில்வே கோட்டு. நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். தாலி கட்டும் மேளம் கேட்டபோது எழுந்து நிற்க நினைத்தார். தண்டவாளத்தையே தூக்கிய உடம்பு, தன்னைத் தூக்க மறுத்தது. உட்கார்ந்தபடியே கை கூப்பினார். பிறகு பின்னால் இருந்த கட்டையில் சாய்ந்தார். இத்தனை மாதமாக நிற்பதற்கென்று சேமித்ததெல்லாம் செலவாகிவிட்டது. இனி யாருக்கு முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. வெயில் முகத்தில் ஏறியது. வாய் திறந்தபடி தூங்கிப்போனார். சாப்பாட்டுக்குப் போன பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை யாரும் அதட்டவில்லை.

சின்னப்பா ஒருவர்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தம் கோட்டுப் பைக்குள் காகிதம் சுற்றிய சின்னப் பாட்டில் வைத்திருந்தார். "எழுப்ப வேணாம், தூங்கட்டும்" என்று அதை மேஸ்திரியின் மடியில் செருகினார். நல்ல மனுஷர்.

மத்தியானம் தங்கவயலுக்குப் போகும் மாரிக்குப்பம் வண்டிக்குப் பெண்ணை அழைத்துப் போனார்கள். ஸ்டேஷன் வரை மேஸ்திரி நடக்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் ரஞ்சிதம் ஓடி வந்து கட்டைக் குவியலருகே அவர் காலில் விழுந்தாள். எழுந்தாள். பெண்கள் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கையால் வலது மேல்கையை ஒருதரம் கிள்ளிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார்.

"இன்னாத்துக்குக் கிள்ளிக்கினே?" என்று மாமியார் கேட்டாள்.

"கொசு அத்தே" என்றாள் ரஞ்சிதம்.

மறுநாள் விடிந்தது. எல்லம்மா விளக்கைக் கொளுத்தி ஊசியைக் கொதிக்க வைத்தாள். குழாயை விளக்கில் காட்டவில்லை, நிறம் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஊசியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். கோடுகள் ஒன்றோடொன்று கலந்தன. மருந்தை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள்.

"இன்னிக்கு வேணாம் விடு" என்றார் அவர்.

"அவ கேப்பா."

"அவ எங்க கீறா கேக்கறதுக்கு?"

போர்வையைச் சரிசெய்ய அவள் கால்மாட்டுக்குப் போனாள். அவருடைய வலது பாதத்தின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கிட்டே குனிந்து தொட்டாள். கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பின் ஆணி குத்தியிருந்தது. சுற்றிலும் தோல் ஊதி, தொட்ட இடத்தில் சீழ் வந்தது.

"இது வலிக்கலியா?"

"எது?"

அவள் விரலால் நன்றாக அழுத்தினாள். அவர் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவள் அழுத்திக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை. எல்லம்மா கையை எடுத்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் காயத்தின்மேல் வைத்தாள். அது எரிந்திருக்க வேண்டும். வாசனை அறை முழுக்கப் பரவிச் சன்னல் வழியே வெளியே போயிற்று.

சுவருக்கு அப்பால் ஜானகி குடத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னாக்கா, பொண்ண அனுப்பி ஒரு ராத்திரி ஆவல. விடியக்காலத்துலயே ஆரம்பிச்சுட்டாரா?"

எல்லம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. மூடிய இமைக்குள் கருவிழி அசைந்தது. அவளுடைய பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

அவள் சன்னலுக்குப் போய் நிமிர்ந்து நின்றாள்.

"ஆமாண்டி" என்றாள். "ஆரம்பிச்சுட்டாரு."